ஜோடியாக வைக்கிங் வேஷம்: ஹாலோவீனுக்கு வீட்டிலேயே தைத்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

ஹாலோவீனுக்கு ஜோடியாக வைக்கிங் வேஷம் போடலாம் என்று முடிவானதும் பலரும் முதலில் தேடுவது கொம்பு வைத்த தலைக்கவசத்தை. அதை வாங்க வேண்டாம். அந்தப் பணத்தைத் துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் காலம் என்று பொதுவாகச் சொல்வது, 793-இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடம் தாக்கப்பட்டதில் தொடங்கி 1066 வரை. அந்தக் காலத்துக் கொம்புக் கவசம் ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை. டென்மார்க்கின் வெக்ஸோவில் கிடைத்த கொம்புக் கவசங்கள் வெண்கலக் காலத்தவை. வைக்கிங்குகளுக்கு ஏறக்குறைய 1,700 ஆண்டுகள் மூத்தவை. 1876-இல் ஜெர்மனியின் பைரோய்ட் நகரில் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வடிவமைத்த கார்ல் எமில் டோப்லர் சில பாத்திரங்களுக்குக் கொம்பு வைத்தார். அந்தப் படிமம்தான் இன்றுவரை கடைகளில் பிளாஸ்டிக்காக விற்கிறது.

நிஜமான வைக்கிங் உடை அதைவிட அழகானது, தைக்கவும் எளிது. எல்லாத் துண்டும் நீள்சதுரம், சதுரம், முக்கோணம். உடல் வடிவுக்குப் பிடிக்கும் டார்ட் மடிப்பு கிடையாது, ஜிப் கிடையாது, காலர் கிடையாது. மிஷினில் நேர்த்தையல் போடத் தெரிந்தால் போதும். இன்னொரு வசதியும் உண்டு. அக்டோபர் 31 இரவு டொராண்டோவிலோ லண்டனிலோ வெளியே நடக்க வேண்டுமென்றால் மற்ற வேஷங்களின்மேல் கோட்டு போட்டு மூட வேண்டியிருக்கும். இதில் உடையே கம்பளி.

அக்டோபர் முதல் வாரத்தில் துணி வாங்கிவிட்டால், வாரக்கடைசிகளில் மட்டும் உட்கார்ந்தே முடித்துவிடலாம். ஆடையில் குத்தும் அலங்கார ஊக்கான ப்ரோச்சுக்குக் களிமண் காய நாள் பிடிக்கும், அதை மட்டும் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

துணி

வேஷம் நிஜமாகத் தெரிவதும் கடைச் சரக்காகத் தெரிவதும் துணியில்தான் இருக்கிறது. பளபளக்கும் பாலியெஸ்டரில் எவ்வளவு சரியாக வெட்டினாலும் எடுபடாது. உள்ளே போடுவதற்கு லினன் அல்லது பருத்தி. மேலே போடுவதற்குக் கம்பளி அல்லது கம்பளி கலந்த துணி. புதிய கம்பளி விலை அதிகம் என்றால் பழைய பொருள் விற்கும் த்ரிஃப்ட் கடைகளுக்குப் போங்கள். கம்பளிப் போர்வை, தடித்த திரைச்சீலை, லினன் மேஜைவிரிப்பு எல்லாம் அங்கே நல்ல துணியாகவே கிடைக்கும்.

லேபிள் இல்லாத துணியாக இருந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, சிங்க் மேலே பிடித்துப் பற்றவைத்துப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் நசுங்கினால் கம்பளி. காகிதம் எரிவதுபோல் எரிந்தால் பருத்தி அல்லது லினன். உருகிக் கட்டி தட்டினால் பாலியெஸ்டர்.

வாங்க வேண்டிய அளவு, சராசரி உடல்வாகுக்கு:

பெண்ணின் உள்ளங்கிக்கு வெள்ளை அல்லது கோரா நிறப் பருத்திப் படுக்கை விரிப்பு ஒன்று. குயின் அளவு விரிப்பு ஏறக்குறைய 230-க்கு 260 செ.மீ. இருக்கும், தாராளம்.
பெண்ணின் மேலாடைக்கு 150 செ.மீ. அகலக் கம்பளி 2 மீட்டர்.
ஆணின் மேல்சட்டைக்கு அதே அகலத்தில் 2.5 மீட்டர்.
இருவரும் தோளில் போர்த்திக்கொள்ள இரண்டு பழைய கம்பளிப் போர்வைகள், கால் பட்டிக்கு இன்னொன்று.

நிறத்தில் கறுப்பும் அழுக்குப் பழுப்பும் மட்டும்தான் வைக்கிங் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் நிறத்தை விரும்பியவர்கள். மேடர் வேரிலிருந்து செங்கல் சிவப்பு, வோட் இலையிலிருந்து நீலம், வெல்ட் செடியிலிருந்து மஞ்சள், வால்நட் ஓட்டிலிருந்து பழுப்பு என்று சாயம் எடுத்தார்கள். கடையில் துணி பார்க்கும்போது இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். நியான் பச்சையும் ரோஸும் தானாகக் கழிந்துவிடும்.

படுக்கை விரிப்பின் பளீர் வெள்ளை கண்ணை உறுத்தினால் தேநீரில் முக்கியெடுங்கள். விரிப்பை முதலில் சோப்புப் போட்டுத் துவைக்க வேண்டும், இல்லையென்றால் கஞ்சி இருக்கும் இடத்தில் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். துணி நன்றாக முங்கிப் புரளும் அளவுக்குப் பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்து, 20, 25 தேநீர்ப் பைகள் போட்டு, சாயம் இறங்கியதும் பைகளை எடுத்துவிட்டு ஈரத் துணியைப் போடுங்கள். ஒரு மணி நேரம், அவ்வப்போது புரட்டிவிட்டபடி. ஈரத்தில் நிறம் கூடுதலாகத் தெரியும், காய்ந்தால் ஒரு படி இறங்கிவிடும். பாலியெஸ்டர் கலப்பில் தேநீர் சரியாகப் பிடிக்காது.

ஜோடிப் பொருத்தம்

பலர் தவறவிடும் இடம் இது. இரண்டு பேரும் தனித்தனியாக நல்ல வேஷம் போட்டுவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் நின்றால் சம்பந்தமில்லாமல் இருப்பார்கள். ஒரே துணியில் இரண்டு உடையும் தைப்பதும் சீருடைபோல் ஆகிவிடும். துணியை மாற்றிக்கொள்ளுங்கள். அவளுடைய மேலாடை செங்கல் சிவப்பு, அவனுடைய மேல்சட்டை சாம்பல் நீலம் என்று வைத்துக்கொள்வோம். சிவப்புத் துணியின் மிச்சத்தில் அவன் கழுத்து, கை, கீழ் ஓரப் பட்டி. நீலத் துணியின் மிச்சத்தில் அவளுடைய மேல் ஓரமும் கீழ் ஓரமும். அந்தக் காலத்தில் நூல் நூற்பதும் நெசவும் வீட்டுக்குள்ளேயே நடந்தன, ஒரு வீட்டாரின் உடையில் அதே துணி தலைகாட்டியிருக்கும். இந்த ஒரு வேலையைச் செய்தால் கூட்டத்தில் எந்த மூலையில் நின்றாலும் இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்று தெரியும். மேலே சொன்ன அளவுகளில் இதற்கான மிச்சமும் அடக்கம்.

கம்பளியையும் பருத்தியையும் வெட்டுமுன் ஒருமுறை நனைத்துக் காயவைத்து அயன் செய்துவிடுங்கள். சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கட்டும்.

அடிப்படை வெட்டு

உள்ளங்கி, மேல்சட்டை இரண்டுக்கும் ஒரே முறை. டென்மார்க்கின் வீபோர்க் நகரில் 11-ஆம் நூற்றாண்டின் லினன் சட்டை ஒன்று கிடைத்திருக்கிறது. ஜெர்மனியின் வட முனையில் இருந்த ஹெடெபி துறைமுகச் சேற்றிலிருந்து ஏராளமான துணித் துண்டுகள் வந்திருக்கின்றன. நேர்க்கோட்டு வெட்டு, துணி வீணாகாமல் துண்டு போடுவது என்ற பழக்கத்தை இவை காட்டுகின்றன. நாம் செய்யப்போவது அதன் எளிய வடிவம்.

உடல் துண்டு: மார்புச் சுற்றளவில் பாதியோடு, உள்ளங்கிக்கு 8 செ.மீ., மேல்சட்டைக்கு 10 செ.மீ. கூட்டினால் அகலம். 100 செ.மீ. மார்புள்ள ஆணுக்கு மேல்சட்டை அகலம் 60. நீளம், தோளிலிருந்து முழங்கால் வரை எடுத்து இரட்டிப்பு, ஏறக்குறைய 210. பெண்ணின் உள்ளங்கிக்குத் தோளிலிருந்து கணுக்கால் வரை எடுத்து இரட்டிப்பு. இந்த ஒரே நீளத் துண்டைத் தோளில் மடித்தால் முன்னும் பின்னும் ஆகிவிடும், தோள் தையலே கிடையாது.

கை: கழுத்து நடுவிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை அளந்து, உடல் துண்டின் அகலத்தில் பாதியைக் கழித்து, தையலுக்கு 4 செ.மீ. கூட்டுங்கள். இந்தக் கழித்தலை மறந்தால் கை விரல் நுனியைத் தாண்டித் தொங்கும். மேல் அகலம் ஆணுக்கு 45, பெண்ணுக்கு 40. மணிக்கட்டுப் பக்கம் 28, 29-க்குக் குறுக்குங்கள். மூடிய கை நுழைய வேண்டும்.

அக்குள் துண்டு: 15 செ.மீ. சதுரம் இரண்டு. சின்னத் துண்டுதான், ஆனால் இது இருந்தால்தான் கையைத் தூக்கும்போது சட்டை மொத்தமும் மேலே ஏறாது.

பக்க முக்கோணம்: இடுப்பிலிருந்து கீழ் ஓரம் வரையான நீளத்தில் 25 செ.மீ. அகல நீள்சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை குறுக்கே வெட்டினால் இரண்டு முக்கோணம். அவற்றின் நேர் ஓரங்களை ஒன்றாகத் தைத்தால் அகன்ற ஒரு முக்கோணம் கிடைக்கும். பக்கத்துக்கு ஒன்று வேண்டும், ஆக இரண்டு நீள்சதுரம். சட்டை நன்றாக விரிந்து சுழல வேண்டுமென்றால் இன்னும் இரண்டு வெட்டி, உடல் துண்டின் முன், பின் நடுவில் இடுப்புவரை கீறிச் சேருங்கள்.

தையல் வரிசை முக்கியம். முதலில் கழுத்து. உடல் துண்டை மடித்த கோட்டில் நடுப்புள்ளி குறித்து, இரு பக்கமும் 8 செ.மீ., முன்பக்கம் 8 செ.மீ. ஆழம், பின்பக்கம் 2 செ.மீ. மட்டும். முன் நடுவில் 12 செ.மீ. கீறல். இவ்வளவு சின்ன ஓட்டையில் தலை போகுமா என்று தோன்றும். கீறல் இருப்பதால் போகும். கழுத்தைப் பெரிதாக வெட்டினால் தோளிலிருந்து நழுவும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

கழுத்துப் பட்டிக்கு ஜோடியின் துணியிலிருந்து 30-க்கு 35 செ.மீ. துண்டு எடுத்து, அதே ஓட்டையை அதிலும் வரையுங்கள், வெட்ட வேண்டாம். பட்டியின் நல்ல பக்கம் சட்டையின் உள்பக்கத்தைத் தொடுமாறு வைத்து, வரைந்த கோட்டின்மேல் சுற்றித் தையுங்கள். பிறகு நடுவை வெட்டி, வளைவுகளில் தையலைத் தொடாமல் சின்னச் சின்னக் கீறல் போட்டு, பட்டியை ஓட்டை வழியாக வெளிப்பக்கம் புரட்டுங்கள். ஓரத்தை உள்ளே மடித்து அயன் செய்து, சட்டையின்மேல் தைத்துவிட்டால் பிசிறும் மறைந்தது, அலங்காரமும் வந்தது. இந்த வெளித்தையலை மட்டும் தடித்த நூலில் கையால் போடுங்கள். ஒரு செ.மீ.க்கு இரண்டு, மூன்று தையல், கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. மிஷின் தையலின் ஒரே சீரான கோடு வெளியே தெரிந்தால் மற்ற உழைப்பெல்லாம் அடிபட்டுப்போகும்.

அடுத்து, சட்டையை விரித்துப் போட்டு, கையின் மேல் ஓர நடுவைத் தோள் மடிப்பில் வைத்துத் தையுங்கள். அக்குள் சதுரத்தின் ஒரு பக்கத்தைக் கையின் ஓரத்திலும், அடுத்த பக்கத்தை உடலின் ஓரத்திலும் சேருங்கள், மூலைக்கு 1.5 செ.மீ. முன்பே தையலை நிறுத்துவது நல்லது, இல்லையென்றால் மூலை சுருங்கி இழுக்கும். பிறகு பக்க முக்கோணத்தை உடலின் ஒரு ஓரத்தில் தைத்து, மொத்தத்தையும் மடித்து மணிக்கட்டிலிருந்து கீழ் ஓரம் வரை ஒரே ஓட்டத்தில் மூடிவிடுங்கள். கடைசியில் கை ஓரமும் கீழ் ஓரமும். கீழ் ஓரப் பட்டிக்கு 8 செ.மீ. அகலத் துண்டு வெட்டினால் மடித்தபின் 6 நிற்கும்.

ஆணுக்கு உள்சட்டை தனியாகத் தைக்க நேரமில்லையென்றால், வீட்டில் இருக்கும் காலர் இல்லாத வெள்ளைப் பருத்தி ஜிப்பாவை உள்ளே போட்டுக்கொள்ளலாம். பட்டன் பட்டி மேல்சட்டைக்குள் மறைந்துவிடும், கை ஓரம் மட்டும் எட்டிப் பார்க்கும்.

பெண்ணின் மேலாடை

இந்த வேஷத்தின் உயிரே இதுதான். உள்ளங்கியின்மேல் மார்புக்கு மேலிருந்து தொங்கும், கையில்லாத, தோள்வார் வைத்த ஆடை. இரண்டு வாரையும் முட்டை வடிவ வெண்கல ப்ரோச்சுகள் பிடிக்கும், ப்ரோச்சுகளுக்கு நடுவே மணிச்சரம். சுவீடனின் மேலாரன் ஏரியில் உள்ள பிர்கா என்ற வணிகநகரில் 1870-களிலிருந்து ஹ்யால்மர் ஸ்டோல்பே தோண்டிய ஏறக்குறைய 1,100 கல்லறைகளில் பல இந்த உடைக்குச் சாட்சி. துணி மண்ணில் மக்கிப்போனாலும், ப்ரோச்சின் வெண்கலத்தை ஒட்டியிருந்த நூல் இழைகளும் வார் வளையங்களும் பிழைத்திருக்கின்றன. முழு ஆடையாக ஒன்றும் கிடைக்காததால், வெட்டை எப்படி வைப்பது என்பதில் உங்களுக்குச் சுதந்திரம் உண்டு.

150 அகலத் துணியில், அக்குளுக்குக் கீழிருந்து கணுக்காலுக்கு ஒரு சாண் மேல் வரை நீளம் எடுங்கள், ஏறக்குறைய 115 செ.மீ. அகலத்தில் 54, 54 என்று இரண்டு பலகை வெட்டினால் மீதி 42 நிற்கும். இது 92 செ.மீ. மார்புக்கான கணக்கு, உங்கள் மார்புச் சுற்றளவோடு 10 கூட்டி, பாதியாக்கி, தையலுக்கு 3 சேர்த்தால் உங்கள் பலகை அகலம். மீதி 42-ஐ இரண்டு 21 பட்டையாக்கி, 75 செ.மீ. நீளத்தில் குறுக்கே வெட்டினால் பக்க முக்கோணங்கள் வந்துவிடும். பக்கங்களைத் தைத்தால் குழாய்போல் ஒரு ஆடை. தலைவழியாகப் போட்டுப் பார்த்து, மேல் ஓரம் மார்புக்கு மேல் ஒட்டி நிற்கும்படி பக்கத் தையலைக் கொஞ்சம் உள்ளே பிடியுங்கள். துணி தடிப்பாக இருப்பதால் நழுவாது.

வார் 2 செ.மீ. அகலம் போதும். பின்பக்க வார்கள் இரண்டும் முதுகு ஓரத்திலிருந்து தோள் தாண்டிக் கழுத்தெலும்புக்குக் கீழே வரை வர வேண்டும். முன் ஓரத்தில் 4 செ.மீ. அளவில் இரண்டு சின்ன வளையம். ப்ரோச் உட்கார வேண்டிய இடம் கழுத்தெலும்புக்கு மூன்று, நான்கு விரல் கீழே. பல வேஷங்களில் ப்ரோச் மார்பின்மேல் இறங்கி உட்கார்ந்து பார்க்க நன்றாக இருப்பதில்லை. வாரைக் குட்டையாக்கினால் சரியாகிவிடும். கீழே உள்ளங்கி ஒரு சாணாவது வெளியே தெரியட்டும், அந்த இரண்டு அடுக்குதான் அழகு.

இடுப்பில் பெல்ட் வேண்டாம். பெண்களின் கல்லறைகளில் பெல்ட் பக்கிள் அபூர்வம். ஆடை தோளிலிருந்து நேராகத் தொங்கியிருக்க வேண்டும். கத்தி, சாவி, கத்தரி, ஊசிக்கூடு போன்றவை கிடைத்திருக்கின்றன. ஒரு பழைய பித்தளைச் சாவியையும் சின்னக் கத்தரியையும் ப்ரோச்சிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டால் வீட்டை ஆளும் பெண் என்பது சட்டென்று தெரியும். கத்தரி முனையில் ஒரு கார்க் செருகிவிடுங்கள்.

ப்ரோச்சும் மணியும்

நிஜ ப்ரோச்சுகள் உள்ளங்கையில் அடங்கும் நீளம், முதுகு மேடாக, ஆமை ஓடுபோல் இருக்கும். தானாகக் காயும் களிமண் வாங்கி, 5 மி.மீ. தடிப்பில் தேய்த்து, பெரிய பரிமாறும் கரண்டியின் முதுகில் உறைபோட்டு அதன்மேல் படியவையுங்கள். ஓரத்தை 10-க்கு 7 செ.மீ. நீள்வட்டமாக நறுக்கி, முறுக்குக் கயிற்றை அழுத்திக் குறுக்குக்கோடுகள், பேனா மூடியால் வட்டங்கள் போடுங்கள். இரண்டும் ஒரே வார்ப்பு என்று தோன்ற வேண்டும், அதனால் ஒன்றில் ஒரு கோடு போட்டதும் அடுத்ததிலும் அதையே போட்டுக்கொண்டு போங்கள். இரண்டு, மூன்று நாள் திருப்பித் திருப்பி நிழலில் காயட்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

காய்ந்ததும் முழுக்கக் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட். அது உலர்ந்தபின் விரல் நுனியில் பொன்வெண்கல நிறத்தைத் துளி தொட்டு, முக்கால்வாசியைக் காகிதத்தில் துடைத்துவிட்டு, மேடுகளின்மேல் மட்டும் லேசாகத் தேயுங்கள். பள்ளத்தில் கறுப்பு நிற்க, மேடு மின்னும். இரண்டடி தூரத்தில் உலோகம்தான். பின்னால் ஒரு ஃபெல்ட் துண்டோடு பெரிய ஊக்கை எப்பாக்ஸி போட்டு ஒட்டுங்கள்.

ஆடையின் எடையை ப்ரோச்சில் தூக்கவிடாதீர்கள். வாரையும் முன் வளையத்தையும் உள்ளே நூலால் சேர்த்துத் தைத்துவிட்டு, ப்ரோச்சை அதன்மேல் குத்துங்கள். ஆட்டத்தின் நடுவில் களிமண் உடைந்தாலும் ஆடை விழாது.

மணிச்சரத்துக்குக் கண்ணாடி மணிகள்: நீலம், பச்சை, மஞ்சள், நடுநடுவே அம்பர் நிறம். கார்னீலியன் எனும் செம்மணி சில சேருங்கள். வைக்கிங் கல்லறைகளில் இந்த மணி நிறையக் கிடைக்கிறது. கிழக்கிலிருந்து, இந்தியப் பக்கமிருந்தும், வணிக வழியில் போனவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிர்காவுக்குப் பக்கத்து ஹெல்யோ தீவில் 1950-களின் அகழாய்வில் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் செய்த ஒரு சின்ன வெண்கலப் புத்தரே கிடைத்திருக்கிறார். அதனால் அம்மாவின் பழைய பெட்டியில் இருக்கும் செம்மணி மாலையை எடுத்துக் கோத்தால் அது இந்த உடைக்கு அந்நியமானது அல்ல. மணிகளை ஒரே அளவில் வரிசையாகக் கோக்காமல் கலந்து, இரண்டு அல்லது மூன்று சரமாக.

ஆணின் கால், இடுப்பு

கால்சட்டைக்கு ஜீன்ஸ் தவிர எதுவும் சரி. அடர்நிறக் கம்பளி அல்லது தடித்த பருத்தியில் நாடா வைத்த பைஜாமா இருந்தால் புதிதாகத் தைக்கவே வேண்டாம், முழங்காலுக்குக் கீழே பட்டி மறைத்துவிடும்.

கால் பட்டிக்குப் பழைய கம்பளிப் போர்வையிலிருந்து 8 முதல் 10 செ.மீ. அகலத்தில், 3 மீட்டர் நீளத்தில் இரண்டு. ஹெடெபியில் கிடைத்த பட்டிகளும் இதே அகலம்தான். போர்வை அவ்வளவு நீளம் இல்லையென்றால் நடுவில் ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொள்ளலாம். ஓரங்களை மடித்துத் தைக்க வேண்டாம், மடிப்பு காலில் உறுத்தும். கணுக்காலில் தொடங்கி மேல்நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் பாதி மூடும்படி சுற்றி, முழங்காலுக்குக் கீழே நுனியைச் செருகி, உள்பக்கம் ஒரு ஊக்கு. இறுக்கமாகச் சுற்றினால் அரை மணியில் கால் மரத்துப்போகும். இடது காலும் வலது காலும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றினால் முன்னாலிருந்து பார்க்க நேர்த்தியாக இருக்கும்.

பெல்ட் ஒல்லியாக, 2 அல்லது 3 செ.மீ. அகலத் தோலில். ஒரு அடி அகல வயிற்றுப் பெல்ட்டும் குறுக்கே கட்டும் தோல் வார்களும் தொலைக்காட்சி வைக்கிங்குக்கு உரியவை. நீளமான பெல்ட்டாக எடுத்து, நுனி முழங்கால் பக்கம் தொங்கட்டும். மேல்சட்டையைப் பெல்ட்டுக்கு மேலே கொஞ்சம் இழுத்துத் தொங்கவிட்டால் உடல்வாகு எதுவானாலும் நன்றாக நிற்கும். போன், சாவி, பணத்துக்கு ஒரு தோல் அல்லது கம்பளிச் சுருக்குப்பை பெல்ட்டில்.

செருப்புக்குப் பழுப்பு நிறக் கணுக்கால் பூட்ஸ். கயிறும் ஜிப்பும் தெரியாமல் கால் பட்டியின் முதல் சுற்றை பூட்ஸின்மேல் வருமாறு போட்டுவிடலாம். பெண்ணுக்கு ஆடை நீளமாக இருப்பதால் தட்டையான எந்தப் பழுப்புச் செருப்பும் போதும்.

போர்வை

ஆணின் போர்வை 150-க்கு 200 செ.மீ. நீள்சதுரம், தையல் எதுவும் இல்லை. இடது தோளை மூடி, வலது தோளின்மேல் இரு ஓரத்தையும் சேர்த்துக் குத்த வேண்டும். வாள்கை வெளியே இருக்க வேண்டும் என்பது கணக்கு. இடதுகைக்காரர் மாற்றிப் போடலாம். பெண் போர்வையை இரு தோளிலும் போட்டு நெஞ்சு நடுவில் ஒரு வட்ட ப்ரோச்.

செயற்கை ரோமம் வேண்டுமென்றால் கழுத்து ஓரத்தில் ஒரு கையகலப் பட்டி மட்டும். துணியின் முதுகுப் பக்கத்தை மட்டும் பிளேடால் கீறுங்கள். கத்தரியால் வெட்டினால் ரோமம் மொட்டையாகி வெட்டு தெரியும். தோள் முழுக்க ரோமம் குவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை, கஷ்டப்பட்டுத் தைத்த கழுத்துப் பட்டியும் ப்ரோச்சும் அதனடியில் போய்விடும்.

கேடயம், ஆயுதம்

ஆயுதம் ஆணுக்கு மட்டும் என்று வைக்க வேண்டியதில்லை. பிர்காவின் ஒரு போர்வீரர் கல்லறை, வாள், கோடரி, இரண்டு குதிரை என எல்லாம் வைத்துப் புதைத்தது. அதில் இருந்தவர் பெண் என்று 2017-இல் டிஎன்ஏ சோதனை காட்டியது. விருப்பமானால் அவளிடம் கேடயம், அவனிடம் கொம்புக் கோப்பை என்றும் பிரிக்கலாம்.

நார்வேயில் 1880-இல் தோண்டியெடுத்த கோக்ஸ்டாட் கப்பலில் பக்கத்துக்கு 32 கேடயங்கள் தொங்கின. ஏறக்குறைய 94 செ.மீ. விட்டம், மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி. கார் கதவிலும் கூட்டத்திலும் நுழைய 60 செ.மீ. வசதி. தடித்த அட்டைப்பெட்டியில் இரண்டு வட்டம் வெட்டி, ஒன்றின் வரிகள் நெடுக்கிலும் மற்றதன் வரிகள் குறுக்கிலும் இருக்கும்படி ஒட்டி, புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு அழுத்துங்கள். இப்படிக் குறுக்காக ஒட்டாவிட்டால் அட்டை வளைந்துவிடும். நடுவில் 12 செ.மீ. ஓட்டை, அதன்மேல் முன்பக்கம் கவிழ்த்து ஒட்டிய 15 செ.மீ. பிளாஸ்டிக் கிண்ணம், பின்னால் ஓட்டைக்குக் குறுக்கே ஒரு மரச்சட்டம். நிஜக் கேடயத்தையும் இப்படித்தான், கிண்ணத்துக்குப் பின்னால் கையை மடக்கி நடுவில் பிடித்தார்கள். பால்பாயின்ட் பேனாவால் அழுத்திப் பலகைக் கோடுகள் போட்டு, பிறகு பெயின்ட். ஓரத்தில் பழுப்புத் துணிப்பட்டி.

கோடரித் தலை, ஈட்டி முனை எல்லாம் ஈவிஏ ஃபோம் எனும் மெத்தென்ற நுரைத்தகட்டில் மட்டும் செய்யுங்கள். நிஜ இரும்பை விருந்து வீட்டுக்குள்ளோ தெருவிலோ கொண்டுபோவது வேண்டாத வம்பு.

தலையும் முகமும்

பொன்னிற விக் தேவையில்லை. வைக்கிங் காலத்து 442 பேரின் எச்சங்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான மரபணு ஆய்வு, பழுப்பு முடிக்காரர்கள் நிறையப் பேர் இருந்ததையும், தென் ஐரோப்பா, ஆசியா பக்கத்து மரபு கலந்திருந்ததையும் காட்டியது. உங்கள் முடி உங்கள் முடியாகவே இருக்கட்டும். அவளுக்குப் பின்னல் போட்டுச் சுருட்டிக் கொண்டை, அல்லது இரண்டு பின்னல். அவனுக்குச் சீவிய முடி, சீராக்கிய தாடி. முகத்தில் சேறு பூச வேண்டாம். கல்லறைகளில் கொம்புச் சீப்புகள் அவ்வளவு கிடைக்கின்றன. டேனியர்கள் தினமும் தலைசீவி, சனிக்கிழமைதோறும் குளித்து இங்கிலாந்துப் பெண்களைக் கவர்ந்தார்கள் என்று வாலிங்ஃபோர்டின் ஜான் பெயரில் வழங்கும் நாளாகமம் குறைப்பட்டுக்கொள்கிறது.

கண்ணுக்கு மை இடுங்கள், இருவருமே. 10-ஆம் நூற்றாண்டில் ஹெடெபிக்குப் போன அல்-தர்தூஷி என்ற பயணி, அங்கே ஆண்களும் பெண்களும் கண்ணுக்கு மை போன்ற ஒன்றைத் தீட்டிக்கொண்டதாகப் பதிந்திருக்கிறார். வீட்டில் இருக்கும் கண்மையையே கீழ் இமையில் அழுத்தி இட்டு, விரலால் லேசாக வெளியே இழுத்துவிடுங்கள்.

தலைக்கவசம் கட்டாயம் வேண்டுமென்பவர்கள் நார்வேயின் யெர்முண்ட்புவில் 1943-இல் கிடைத்ததைப் பாருங்கள்: உருண்டைத் தலை, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி வடிவக் காப்பு, கொம்பு இல்லை.

வைக்கிங்குகளின் எழுத்தான ரூன் எழுத்துகளில் இருவர் பெயரையும் பெல்ட்டில் தைப்பது அழகான வேலை. வைக்கிங் காலத்தில் வழங்கியது 16 எழுத்து வரிசை. இணையத்தில் அதிகம் வருவது அதற்கு மூத்த 24 எழுத்து வரிசை. அந்த மூத்த வரிசையில் வரும் ஒடல் என்ற ரூன் எழுத்தைத் தனியாகவும், மின்னல் வடிவ இரட்டை எஸ், கறுப்புச் சூரியன் சின்னங்களை எந்த வடிவிலும் வைக்காதீர்கள். இவற்றை நாஜிகளும் இன்றைய இனவாதக் கும்பல்களும் அடையாளமாகப் பயன்படுத்துகிறார்கள். பார்ப்பவரைக் காயப்படுத்தும். தோரின் சுத்தியல் பதக்கம் போடலாம், ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன.

அன்று இரவும் பிறகும்

போட்டுக்கொள்ளும் வரிசை: அவனுக்கு உள்சட்டை, கால்சட்டை, பூட்ஸ், கால் பட்டி, பிறகு மேல்சட்டை, பெல்ட், போர்வை. மேல்சட்டை போட்டபின் குனிந்து பட்டி சுற்றுவது சிரமம். அவளுக்கு உள்ளங்கி, மேலாடை, ப்ரோச், கடைசியில் மணிச்சரம். காரில் ஏறும்போது போர்வையையும் கேடயத்தையும் கழற்றிப் பின் இருக்கையில் போட்டுவிடுங்கள், சீட் பெல்ட்டில் ப்ரோச் மாட்டி உடையும்.

பூசணி விளக்குகளில் நிஜ மெழுகுவத்தி எரியும் வீடுகளுக்குப் போகும்போது செயற்கை ரோமத்தைக் கவனியுங்கள். கம்பளி அவ்வளவு எளிதில் பற்றாது. பாலியெஸ்டர் ரோமம் குப்பென்று பிடித்து உருகித் தோலில் ஒட்டும். தீப்பொறி படக்கூடிய இடமென்றால் ரோமப் பட்டியை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. அதைத் தைக்காமல் ஊக்கில் மாட்டியிருந்தால் கழற்ற ஒரு நிமிடம்.

முடிந்தபின் கம்பளியை மிஷினில் சூடான தண்ணீரில் போட்டால் குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கி ஃபெல்ட் ஆகிவிடும். குளிர்ந்த தண்ணீரில் கம்பளிக்கான சோப்பில் நனைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாக விரித்துக் காயவையுங்கள். உள்ளங்கியில் இட்ட தேநீர்ச் சாயம் ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் வெளிறும், அடுத்த அக்டோபரில் மறுபடி முக்கிக்கொள்ளலாம். ப்ரோச்சுகளைக் கழற்றி ஒரு டப்பாவில் பஞ்சுக்கு நடுவே, துணிகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க நன்றாக உலர்ந்தபின் மூடிய பெட்டியில்.